குறியையும் கூட்டிக்கொண்டு போ

ஏழாம் வகுப்பில் ஒரே ஒரு கேள்வி: 7ப − 3ம + 2ப + 5ம என்பதைச் சுருக்குக. பாடநூலில் ஆங்கில எழுத்துகள் இருக்கும். இங்கே பனாவும் மனாவும் போதும். விடை 9ப + 2ம. திருவாரூர் மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், பள்ளி திறந்த கொஞ்ச நாளில் இந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு வரிசை வரிசையாக நடப்பார். மதிப்பெண் போடுவதற்கு அல்ல, தப்பு விடைகளைப் பார்ப்பதற்கு.

தப்பு விடைகளும் கண்டபடி வருவதில்லை. 9ப − 8ம, 9ப − 2ம, 9ப + 8ம, 11பம. ஊர் மாறினாலும் பள்ளி மாறினாலும் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றுதான்.

9ப − 8ம எழுதுகிற பிள்ளை, மூன்றுக்கு முன்னால் நிற்கும் கழித்தல் குறியை அதற்குப் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் பொதுவாக நினைத்துக்கொள்கிறது. 3ம, 5ம இரண்டையும் முதலில் கூட்டி எட்டாக்கிவிட்டு, குறியை அதன் முன்னால் வைக்கிறது. 9ப − 2ம எழுதிய பிள்ளைக்கு ஐந்துக்கும் மூன்றுக்கும் இடையில் கழித்தல் நடக்க வேண்டும் என்று தெரிகிறது. ஆனால் முதலில் கண்ணில் பட்ட குறியே விடைக்கும் உரியது என்று முடிவு செய்துவிடுகிறது. 9ப + 8ம எழுதியது கழித்தல் குறியைப் பார்க்கவே இல்லை. 11பம எழுதியது எண்களை மட்டும் ஒழுங்காகப் போட்டிருக்கிறது: ஏழில் மூன்று போக நான்கு, அதோடு இரண்டும் ஐந்தும் சேர்ந்தால் பதினொன்று. எழுத்துகளைக் கடைசியில் ஒட்டிவிட்டது. நான்கு நோட்டிலும் ஒரே மாதிரி சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டுத் திருப்பிக் கொடுத்தால் நான்கு பேருக்கும் பயனில்லை என்பது டீச்சரின் கட்சி.

அவர் வேலைக்குச் சேர்ந்தது எண்பதுகளின் கடைசியில். அன்றைய வகுப்பறையில் இந்தப் பாடம் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும்: ஒத்த உறுப்புகளை ஒன்றுசேர்த்து எழுதிச் சுருக்குக. எடுத்துக்காட்டு இரண்டு, பயிற்சிக் கணக்கு இருபது, வீட்டுப்பாடம். ‘ஒன்றுசேர்த்து எழுதுக’ என்ற இடத்தில்தான் பிள்ளைகள் விழுகிறார்கள் என்பதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கூட்டத் தெரிகிறது, கழிக்கத் தெரிகிறது. அப்புறம் என்ன கஷ்டம் என்றுதான் மூத்த ஆசிரியர்களே கேட்பார்கள்.

கஷ்டம் கணக்குப் போடுவதில் இல்லை, இடம் மாற்றுவதில் இருக்கிறது. 7ப − 3ம என்பதில் இரண்டு உறுப்புகளின் இடத்தையும் மாற்றி எழுதச் சொல்லிப் பார்த்தால் தெரியும். பாதிப் பேர் 3ம − 7ப என்று எழுதுவார்கள். குறி நடுவில் இருந்தது, நடுவிலேயே இருக்கட்டும் என்று எண்களை மட்டும் மாற்றிவிடுகிறார்கள். இன்னும் சிலர் கவனமாக −3ம-வை முன்னால் கொண்டுவந்து, அதன் பக்கத்தில் 7ப-வை வைப்பார்கள்: −3ம7ப. இதைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. அந்தப் பிள்ளை பாதி வழி வந்துவிட்டது. முதல் உறுப்பாக நிற்கும்போது 7ப-வுக்கு முன்னால் கூட்டல் குறி போடுகிற வழக்கம் இல்லை. அது பின்னால் போகும்போது மட்டும் எங்கிருந்தோ ஒரு கூட்டல் குறி வந்து உட்காருகிறது. பெரியவர்களுக்குப் பழகிப்போன இந்த வழக்கம் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் கண்கட்டு வித்தை. அதனால் டீச்சரின் வகுப்பில் முதல் இரண்டு வாரம் எந்தக் கோவையையும் ‘வெறுமனே’ தொடங்கக் கூடாது. +7ப − 3ம என்றுதான் எழுத வேண்டும். பழகிய பிறகு முதல் கூட்டல் குறியை விட்டுவிடலாம்.

“குறியையும் கூட்டிக்கிட்டுப் போ” என்பதுதான் அந்த இரண்டு வாரமும் அவர் அதிகம் சொல்கிற வாக்கியம்.

கழித்தல் குறியோடு ஓர் எண்ணை முதலில் எழுதுவதற்குப் பிள்ளைகள் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்துக்கு ஒரு நியாயமும் இருக்கிறது. ஒரு வகுப்பில் மளிகைக் கடைக்காரர் மகள் ஒருத்தி. சாயங்காலம் கல்லாவில் உட்கார்ந்து பழகியவள். 20 − 50 + 100 எவ்வளவு என்று கேட்டதும் எழுபது என்றாள். எப்படி என்றால், “நூறையும் இருபதையும் மொதல்ல சேத்துக்கிட்டேன் டீச்சர்” என்றாள். சரி, அப்படியே எழுதியிருக்கும் வரிசையில் போடு என்றதற்கு அவள் சொன்னது: “கல்லாவுல இருபது ரூபாதான் இருக்கு. அம்பது எப்படிக் குடுப்பேன்? நூறு வரட்டும், அப்புறம் குடுக்குறேன்.” வகுப்பே அவள் பக்கம் நின்றது. கடையில் வரவு, செலவுகளை எந்த வரிசையில் எழுதிக் கூட்டினாலும் ராத்திரி இருப்பு ஒன்றுதான். ஆனால் நடுவில் கல்லா காலியாகிவிட்டால் வியாபாரம் நின்றுபோகும். கணக்கு நிற்பதில்லை, 20 − 50 என்ற இடத்தில் −30 என்று எழுதிக்கொண்டு மேலே போகிறது. குறை எண்ணை எண்ணாக ஏற்றுக்கொண்டால்தான் உறுப்புகளை இஷ்டப்படி இடம் மாற்ற முடியும் என்பதை அன்றைக்கு டீச்சர் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. கடைக்காரர் மகளே “அப்ப முப்பது ரூபா கடன்” என்று முடித்துவிட்டாள்.

628-ஆம் ஆண்டில் பிரம்மகுப்தர் தம் ‘பிரம்மஸ்புட சித்தாந்த’த்தில் மிகை எண், குறை எண்களுக்கு விதி வகுத்தபோதும் தனம், கடன் என்றே சொன்னார். அவர் வழியில் வந்த 12-ஆம் நூற்றாண்டு பாஸ்கரரின் எழுத்து முறை இன்னும் சுவாரசியம். தெரியாத எண்களுக்கு ‘கா’, ‘நீ’ என்று நிறங்களின் முதலெழுத்துகளைப் போடுவார். கூட்ட வேண்டியவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுவார். குறை எண் என்றால் அதன் தலைக்கு மேல் ஒரு புள்ளி. அவ்வளவுதான். பெஷாவருக்குப் பக்கத்தில் 1881-இல் கிடைத்த பக்ஷாலி ஓலையில் (பூர்ஜ மரப்பட்டைதான், ஓலை என்பது நம் பழக்கத்தில் வருகிறது) குறை எண்ணுக்கு அடுத்து ஒரு சிலுவைக் குறி இருக்கும். பார்த்தால் இன்றைய கூட்டல் குறி மாதிரியே இருக்கும், பொருளோ நேர் எதிர்.

இந்த இரண்டு முறையிலும் குறி எண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. புள்ளியைத் தலையில் வைத்துக்கொண்டிருக்கும் எண்ணைப் புள்ளி இல்லாமல் நகர்த்துவது கடினம். இன்று நாம் எழுதும் கூட்டல், கழித்தல் குறிகள் 1489-இல் லைப்சிக் நகரில் யோஹன்னஸ் விட்மன் வெளியிட்ட வணிகக் கணக்குப் புத்தகத்தில் முதன்முதலாக அச்சேறின. அவை இரண்டு எண்களுக்கு நடுவில் நின்றன. நடுவில் நிற்கும் குறி யாருடையது? இடது பக்கத்து எண்ணுடையதா, வலது பக்கத்து எண்ணுடையதா, இரண்டுக்கும் பொதுவா? ஏழாம் வகுப்புப் பிள்ளையின் குழப்பம் முட்டாள்தனம் அல்ல, அந்த எழுத்து முறையிலேயே அதற்கு இடம் இருக்கிறது. பாஸ்கரரின் புள்ளியைப் பள்ளிக்கூடத்தில் மறுபடி கொண்டுவரச் சொல்லவில்லை. ஆனால் முதல் இரண்டு வாரத்துக்கு அது நல்ல யோசனையாகத்தான் படுகிறது.

2011-ஆம் ஆண்டு ஜூனில் பள்ளி திறந்தபோது புத்தகம் இல்லை. முந்தைய ஆண்டில் ஒன்றாம், ஆறாம் வகுப்புகளுக்கு வந்த சமச்சீர்க் கல்வியை மற்ற வகுப்புகளுக்கும் விரிப்பதா, நிறுத்துவதா என்று வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஆகஸ்ட் 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சமச்சீர்ப் பாடத்திட்டத்தை நடைமுறைப்படுத்தச் சொல்லித் தீர்ப்பளித்த பிறகுதான் புத்தகங்கள் பிள்ளைகளின் கைக்கு வந்தன. அந்த இடைவெளியில் பல ஆசிரியர்கள் பழைய பாடங்களைத் திருப்பிப் பார்த்தார்கள். டீச்சர் கல்யாணப் பத்திரிகைகளைச் சேகரித்தார்.

பத்திரிகையின் வெள்ளைப் பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் ஓர் அட்டைக்கு ஓர் உறுப்பு: +7ப, −3ம, +2ப, +5ம, −4. ஆளுக்கு ஓர் அட்டையைக் கையில் கொடுத்து வரிசையாக நிற்க வைத்தார். ‘பனா எல்லாம் ஒரு பக்கம், மனா எல்லாம் ஒரு பக்கம்’ என்றதும் பிள்ளைகள் இடம் மாறினார்கள். எண் நகரும்போது குறி தானாகவே நகர்ந்தது, ஏனென்றால் அது அதே அட்டையில் இருந்தது. இந்த வகுப்புக்கு டீச்சர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

அட்டை விஷயம் எவ்வளவு நுணுக்கமானது என்பது இன்னோர் ஆண்டில் தெரிந்தது. பி.எட். பயிற்சிக்கு வந்த இளைஞர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, இன்னும் அழகாகச் செய்கிறேன் என்று வண்ண அட்டைகள் தயாரித்து வந்தார். எண்களுக்குத் தனி அட்டை, குறிகளுக்குத் தனி அட்டை. பார்க்க நன்றாக இருந்தது. 7ப-வும் 3ம-வும் இடம் மாறியதும் கழித்தல் குறியைப் பிடித்திருந்த பையன் நடுவில் தனியாக நின்றான். “சார், நான் யார்கூடப் போறது?” என்று கேட்டான். பயிற்சி ஆசிரியர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் ஜன்னலைப் பார்த்தார். அந்தப் பையன் கேட்ட கேள்வியைவிட நல்ல பாடக் குறிப்பு அந்த ஆண்டு முழுவதும் எழுதப்படவில்லை என்று பிற்பாடு சொல்லுவார்.

இதே கேள்வியை ஆராய்ச்சியாளர்களும் கேட்டிருக்கிறார்கள். நிக்கோலஸ் ஹெர்ஸ்கோவிக்ஸ், லியோரா லிஞ்செவ்ஸ்கி இருவரும் 1990-களில் ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் செய்த ஆய்வில், உறுப்பை அதன் முன்னால் உள்ள குறியிலிருந்து பிரித்துவிடும் பழக்கத்தைத் தனியாக எடுத்துக் காட்டினார்கள். மும்பையில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தைச் சேர்ந்த ராக்கி பானர்ஜியும் கே. சுப்ரமணியமும் 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஒரு கற்பித்தல் முறையை உருவாக்கினார்கள். எழுத்துகள் வருவதற்கு முன்பே, 19 − 7 + 4 மாதிரி வெறும் எண் கோவைகளில், ஒவ்வோர் உறுப்பையும் அதன் குறியோடு சேர்த்துக் கட்டம் போடப் பழக்குவது. என்.சி.இ.ஆர்.டி. 2025-இல் வெளியிட்ட ஏழாம் வகுப்புப் புத்தகமும் இந்த வழியில் போகிறது: எண் கோவைகளில் உறுப்புகளை அடையாளம் காண்பது, இடம் மாற்றுவது, சேர்ப்பது என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது, எழுத்துகள் அதற்குப் பிறகுதான். இது சரியான வரிசை. எழுத்துகள் வந்ததும் பயம் வந்துவிடுகிறது, பயத்தோடு குறியைக் கவனிக்க முடியாது.

எண்களிலேயே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. 8 − 3 + 2 எவ்வளவு? மூன்று என்று சொல்லும் பெரியவர்கள் நிறைய. ‘போட்மாஸ்’ விதியில் கூட்டலுக்கு உரிய எழுத்து கழித்தலுக்கு முன்னால் வருவதால், மூன்றையும் இரண்டையும் கூட்டிவிட்டு எட்டிலிருந்து கழிக்கிறார்கள். கூட்டலும் கழித்தலும் ஒரே படிநிலை, இடமிருந்து வலமாகப் போட வேண்டும், விடை ஏழு. இந்த மாதிரிக் கணக்குகள் வாட்ஸ்அப்பில் சுற்றும்போது டீச்சரின் பழைய மாணவர்கள் அவரிடம் தீர்ப்புக் கேட்டு அனுப்புவார்கள். அவர் விதியைச் சொல்லமாட்டார். +8, −3, +2 என்று மூன்று உறுப்பாகப் பிரித்து அனுப்பிவிடுவார். அப்படிப் பிரித்த பிறகு இடமிருந்து வலமும் வேண்டாம், வலமிருந்து இடமும் வேண்டாம். எப்படிச் சேர்த்தாலும் ஏழுதான். 67 − 38 + 33 என்றால் 67-ஐயும் 33-ஐயும் முதலில் நூறாக்கிக்கொண்டு 38-ஐக் கழித்து 62 என்று வாய்க்கணக்காகவே சொல்லிவிடலாம்.

அடைப்புக்குறி அடுத்த தொல்லை. 5ப − ம − 2த என்பதிலிருந்து 3ப − 4ம + த என்பதைக் கழிக்க வேண்டும். ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, கீழ் வரிசையில் ஒவ்வொரு குறிக்கும் அடியில் மாற்றிய குறியை அடைப்புக்குள் போட்டு, பிறகு கூட்டுவது நம் பள்ளிகளின் பழைய வழக்கம். விடை 2ப + 3ம − 3த. கிடைவரிசையில் எழுதும் பிள்ளைகள் முதல் உறுப்பின் குறியை மட்டும் மாற்றிவிட்டு மற்ற இரண்டையும் அப்படியே இறக்குவார்கள். 2ப − 5ம − த என்று வந்து நிற்கும். பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாமில் நீள் வகுத்தல் முறையில் பல்லுறுப்புக் கோவையின் வர்க்கமூலம் காணும் ஐந்து மதிப்பெண் கணக்கைத் திருத்தியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். முறை சரி, முதல் வரி சரி, ஈவு சரி; நடுவில் ஒரு கழித்தலில் மூன்றாவது உறுப்பின் குறி மாறாமல் போய், அதற்குப் பிறகு எல்லாமே கோணல். விடைக்குறிப்புப்படி படிநிலை மதிப்பெண் கிடைக்கும். முழு மதிப்பெண் போச்சு. பத்தாம் வகுப்பில் தொலைகிற அந்த மதிப்பெண்கள் ஏழாம் வகுப்பில் தொலைந்தவை என்பார் டீச்சர்.

சமன்பாட்டுக்கு வந்தால் ஒரு மந்திரம் இருக்கிறது: அந்தப் பக்கம் போனால் குறி மாறும். 3ப + 7 = 22 என்றால் ஏழு அந்தப் பக்கம் போய் −7 ஆகும், 3ப = 15. இதுவரை சரி. அடுத்த வரியில் ‘மூன்றும் அந்தப் பக்கம் போகிறது, குறி மாற வேண்டுமே’ என்று சிலர் 15-ஐ −3 ஆல் வகுத்து −5 என்று எழுதுவார்கள். சிலர் 15 − 3 என்று பன்னிரண்டு சொல்வார்கள். இன்னும் சிலர் சமக்குறியைத் தாண்டாமல் ஒரே பக்கத்துக்குள் இடம் மாற்றும்போதும் குறியை மாற்றிவிடுவார்கள். மந்திரம் நன்றாக மனப்பாடம் ஆனதன் விளைவு இதெல்லாம்.

டீச்சர் தொண்ணூறுகளின் நடுவில் அந்த மந்திரத்தை வகுப்பில் தடை செய்தார். இரண்டு பக்கமும் ஏழைக் கழி என்றுதான் எழுத வேண்டும், ஒரு பருவத் தேர்வு முடியும் வரை. பெற்றோர் சிலர் வந்து, டியூஷனில் ஒரே வரியில் போடுகிறார்களே என்று கேட்டார்கள். போடட்டும், அவர்கள் டியூஷனில் போடட்டும் என்றார். உண்மையில் டீச்சர் எழுதச் சொன்ன அந்த வரிக்கு ஆயிரத்து இருநூறு ஆண்டு வயது. 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் அல் குவாரிஸ்மி எழுதிய நூலில் வர்க்கம் ஒன்று, நாற்பது மூலங்களில் நான்கு வர்க்கம் குறைவானதற்குச் சமம் என்று ஒரு கணக்கு உண்டு. குறைந்த நான்கு வர்க்கங்களை இரண்டு பக்கமும் ஈடுகட்டினால் ஐந்து வர்க்கம் நாற்பது மூலத்துக்குச் சமம், மூலம் எட்டு. ஒரு குறியீடு கிடையாது, எல்லாம் வாக்கியமாகவே இருக்கும். அதனால்தானோ என்னவோ, அங்கே எதுவும் பக்கம் தாவவில்லை, இரண்டு பக்கமும் ஒரே காரியம் நடக்கிறது.

2018-இல் தொடங்கிப் புதிய பாடநூல்கள் வந்தன, பக்கத்துக்குப் பக்கம் விரைவுத் துலங்கல் குறியீடுகள், காணொளிகள். டீச்சருக்கு அவற்றில் குறை ஒன்றும் இல்லை. காணொளியில் உறுப்புகள் நிறம் நிறமாக மிதந்து போய்ச் சேர்வதைப் பிள்ளைகள் வாய் திறந்து பார்ப்பார்கள். பார்த்த பிறகு நோட்டில் எழுதச் சொன்னால் மறுபடி 9ப − 8ம. கையால் நகர்த்தியதும் கண்ணால் பார்த்ததும் ஒன்றல்ல என்பதால் கல்யாணப் பத்திரிகை அட்டைகள் அலமாரியிலிருந்து கடைசி வரை போகவில்லை.

இடம் மாற்றினால் விடை மாறாது என்று இத்தனை ஆண்டு சொல்லிக் கொடுத்தவரிடம், மென்பொருள் வேலையில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் ஒருநாள் வந்து, “மாறுது டீச்சர்” என்றார். ஒன்றுக்குப் பின்னால் பதினாறு சுழி போட்ட எண்ணைத் தசம எண்ணாகக் கணினியில் ஏற்றி, ஒன்றைக் கூட்டி, அதே பெரிய எண்ணைக் கழித்தால் விடை 0. பெரிய எண்களை முதலில் கழித்துவிட்டு ஒன்றைக் கூட்டினால் 1. வழக்கமான 64 பிட் தசம எண்ணில் சுமார் பதினாறு இலக்கத்துக்கு மேல் நிற்காது. கடைசி ஒன்று விழுந்துவிடுகிறது. மேல்நிலை வகுப்பு எடுக்கும் சக ஆசிரியர் தம் பங்குக்கு முடிவில்லாத தொடர் ஒன்றைக் காட்டினார்: 1 − 1/2 + 1/3 − 1/4 என்று போய்க்கொண்டே இருந்தால் கூட்டுத்தொகை சுமார் 0.693. அதே உறுப்புகளை, அதே குறிகளோடு, ஒரு கூட்டலுக்கு இரண்டு கழித்தல் என்று மாற்றி அடுக்கினால் சரியாக அதில் பாதி. இப்படிப்பட்ட தொடர்களை அடுக்கும் விதத்தில் அடுக்கி எந்த எண்ணையும் வரவழைக்கலாம் என்று 1854-இல் ரீமன் நிறுவினார்.

டீச்சர் இரண்டையும் கேட்டுக்கொண்டார். ஏழாம் வகுப்பில் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் ஏழாம் வகுப்பு எடுக்கிறவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்றார். உறுப்புகள் எண்ணிக்கையில் அடங்கியவை, எண்கள் துல்லியமானவை என்ற இரண்டு நிபந்தனைகளின் மேல்தான் அந்த எளிய விதி நிற்கிறது.

வீட்டில் ஆறாவது, ஏழாவது படிக்கிற பிள்ளை இருந்தால் இன்றைக்கு ஒரு துண்டுத் தாளில் 15 − 6 + 4 என்று எழுதிக் கொடுத்துப் பாருங்கள். பதின்மூன்று வந்தால் நல்லது. ஐந்து வந்தால் திட்ட வேண்டாம், விதியையும் சொல்ல வேண்டாம். பென்சிலைக் கொடுத்து, ஒவ்வோர் எண்ணையும் அதன் முன்னால் இருக்கும் குறியோடு சேர்த்து வட்டம் போடச் சொல்லுங்கள். பதினைந்துக்கு முன்னால் ஒரு கூட்டல் குறியையும் எழுதச் சொல்லுங்கள். பிறகு மறுபடி போடட்டும்.